கை முதலில், சொல் பிறகு

நைனா,

உன் படங்களைப் பற்றி எழுதச் சொல்லி ஓர் இணைய இதழிலிருந்து ஒரு பெண் பேசினாள். உனக்காக ஒரு சிறப்புப் பகுதி கொண்டுவருகிறார்களாம். விமரிசகர்கள் எழுதுகிறார்கள். உன் ஒளிப்பதிவாளர் எழுதுகிறார். "நீங்க அம்மாவா எழுதிக் குடுங்க மேடம். அவர் படத்துல திரும்பத் திரும்ப வர்றதெல்லாம் எங்கேருந்து வந்துச்சுன்னு" என்றாள். நீ சின்ன வயதில் என்ன விளையாடினாய், எதைப் பார்த்துப் பயந்தாய் என்று இரண்டு பக்கம் எதிர்பார்க்கிறாள். சரி என்றேன். வியாழக்கிழமை வெளியாகும் என்றாள். எனக்கு வேண்டியது அந்த வியாழக்கிழமைதான். உன் போனை உன் உதவியாளர் எடுக்கிறார். "சார் ஷாட்ல இருக்காரும்மா" என்கிறார். நான் அனுப்பும் செய்திகளில் நீலக் குறி விழுகிறது. பதில் வருவதில்லை. ஆனால் உன்னைப் பற்றி எங்கே எது வந்தாலும் நீ தேடிப் படிப்பாய். அதனால் ஊர் பார்க்க எழுதுகிறேன்.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வரும் ஞாயிறு காலை உன் அண்ணனுக்குப் பெண் கொடுக்க இருப்பவர்கள் நம் வீட்டுக்கு வருகிறார்கள். ராயபுரத்துப் பெண். பேரை இங்கே எழுதவில்லை. அன்று பேச்சு முடிந்தால் கல்யாணம். இல்லையென்றால் இல்லை. அதே ஞாயிறு காலை நீ அவனை வடபழனிக்கு டப்பிங்குக்குக் கூப்பிட்டிருக்கிறாய். உன் நாலாவது படத்திலும் அண்ணன் சாகிறான். சாகிறவனுக்கு ஏழுமலையின் குரல் வேண்டும். அவன் வருகிறேன் என்று சொல்லிவிட்டான். "தம்பி கேக்குறான்மா. ஒரு நாளுதான. அவங்கள அடுத்த வாரம் வரச் சொல்லு." பெண்ணின் அம்மா அடுத்த வாரம் வரமாட்டார். அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். "வந்தா இந்த ஞாயித்துக்கெழம. இல்லாங்காட்டி வுட்ருங்க." அதை அப்படியே ஏழுமலையிடம் சொன்னேன். அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வுட்ருவோம்" என்றான்.

படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. ஏழுமலை என் மூத்த மகன். துறைமுகத்துக்கு கன்டெய்னர் டிரைலர் ஓட்டுகிறான். முப்பத்தெட்டு வயது. தம்பி படித்து முடிக்கட்டும், தம்பி ஒரு படம் எடுக்கட்டும் என்று தள்ளித் தள்ளிக் கொண்டுவந்து இங்கே நிற்கிறான். நான் மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். இவர்களின் அப்பா இப்போது இல்லை. வீடு திருவொற்றியூரில், எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டி, முதல் மாடி. மேலே மொட்டை மாடி. இவ்வளவுதான்.

உன்னைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் எழுதுவது அந்த நிறுத்தத்தைத்தான். உன் படத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒரு டிரைலர் போகும். பேச்சு நிற்கும். கேமரா நகராது. வண்டி போய் முடியும். விட்ட சொல்லிலிருந்து பேச்சு தொடங்கும். ஒடுக்கப்பட்டவர்களின் மௌனம் என்று ஒருவர் எழுதினார். மூலதனம் மனிதக் குரலை விழுங்குகிறது என்று இன்னொருவர். இருக்கலாம். எனக்குத் தெரிந்தது வேறு. நம் வீட்டில் எல்லாரும் அப்படித்தான் பேசினோம். கத்தினால் தொண்டைதான் போகும், வண்டியின் சத்தம் குறையாது. "உப்பு" என்று ஆரம்பிப்பேன். வண்டி வரும். நாலு பேரும் பிசைந்த சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். வண்டி போகும். "கம்மியா கீதா?" சண்டையும் அப்படித்தான். உன் அப்பா ஒருமுறை கோபத்தில் கையை ஓங்கினார். வண்டி வந்துவிட்டது. ஓங்கிய கையோடு நின்றார். சன்னல் அதிர்ந்து அடங்கியபோது அவர் கோபமும் அடங்கியிருந்தது. கையை இறக்கித் தலையைச் சொறிந்துகொண்டார். நீயும் ஏழுமலையும் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தீர்கள்.

அம்மாக்களின் முகத்தை நீ காட்டுவதில்லை என்றும் எழுதுகிறார்கள். மூன்று படத்திலும் அம்மாவுக்குப் பின்கழுத்துதான். நிறுத்தத்தைப் பற்றி எழுதியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இதைப் படித்தபோது வரவில்லை. அப்புறம் அந்த ஈரத் துணி. உன் படங்களில் யாராவது ஒருவர் துண்டை நனைத்து இன்னொருவர் முகத்தில் வைக்கிறார். காய்ச்சல்காரனுக்கு. குடித்துவிட்டுக் கிடக்கிறவனுக்கு. மூன்றாவது படத்தில் காரணமே இல்லாமல், பேருந்து நிறுத்தத்தில், முன்பின் தெரியாத ஒரு கிழவருக்கு. ஞானஸ்நானம் என்றார்கள். பிணத்தின் முகத்தை மூடும் துணி என்றார்கள். புகைபோக்கியையே காட்டாமல் புகையின் நிழலைச் சுவரில் காட்டுகிறாய் என்று பாராட்டினார்கள். அதை நானும் பாராட்டுகிறேன். கொடுங்கையூரில் குப்பை எரிகிற நாளில் என் வகுப்பறைச் சுவரில் அப்படித்தான் தெரியும். பிள்ளைகள் நிழலைப் பார்த்தே மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.

ரசிகர்கள் அதிகம் பேசுவது கேட்காத வசனத்தைப் பற்றி. ஒரு சின்னப் பையன் அண்ணனை நிமிர்ந்து பார்த்து ஏதோ சொல்கிறான். பின்னால் வண்டி போகிறது. உதடு அசைகிறது, சொல் கேட்பதில்லை. அடுத்த ஷாட்டில் இரண்டு கைகள் மட்டும். அண்ணனின் கை பையனின் கையை விடுகிறது. அண்ணன் ஃபிரேமை விட்டுப் போகிறான். பிறகு வருவதில்லை. அவன் சாவதையும் நீ காட்டுவதில்லை. ஒரு செருப்பு வரும், அல்லது சைக்கிள் வரும், ஆள் வரமாட்டான். பையன் சொன்னது என்ன என்று இணையத்தில் அடித்துக்கொள்கிறார்கள். ஒரு நேர்காணலில் உன்னிடமே கேட்டார்கள். "அது பார்க்கிறவங்களுக்கு விட்டது" என்று சிரித்தாய். சிரித்தபோது உன் வலது கை மேசைக்குக் கீழே போனது. அதை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்தேன். பிறகு போனை அணைத்துவிட்டேன்.

உன் படத்தில் சாகிறவன் இங்கே இருக்கிறான், நைனா. அவன் தினமும் டீக்கடைக்குப் போகிறான். முதல் படம் வந்தபோது எல்லாருக்கும் பெருமை. அந்த நடிகரால் நம் பாஷையைப் பேச முடியவில்லை. அவர் பேசினால் கேலி செய்வதுபோல் இருந்தது. நீ ஏழுமலையைக் கொண்டுபோய் மைக்குக்கு முன்னால் நிறுத்தினாய். அவன் நாள் முழுக்கச் செத்துவிட்டு வந்தான். "செத்து செத்து தொண்ட வறண்டு பூட்ச்சும்மா, ஒரு சோடா குடு" என்று வாசலிலேயே உட்கார்ந்தான். அன்று நாம் எப்படிச் சிரித்தோம். இரண்டாவது படத்திலும் அண்ணன் செத்தான். நடிகர் வேறு, ஆனால் நடை ஏழுமலையின் நடை. மூன்றாவதில் லுங்கியை மடித்துக் கட்டும் விதம்கூட அவனுடையது. இப்போது டீக்கடையில், "இன்னா மாமு, இந்தப் பொங்கலுக்கும் டிவில சாவப்போறியா?" என்கிறார்கள். "ஆமாண்டா, மாலைய வாங்கி வையி" என்கிறான். "மாலைய உந்தம்பி வாங்குவான், நீ டீய குடி." எல்லாரும் சிரிக்கிறார்கள். அவனும் சிரிக்கிறான். காய் வாங்கிக்கொண்டு பின்னால் நின்ற என்னை அவர்கள் பார்க்கவில்லை.

போன மாதம் பெண் பார்க்கப் போனோம். சரக்கு ரயில் பாதையை ஒட்டிய வீடு. பெண்ணின் அப்பா இறந்து வெகுகாலமாகிறது. அம்மாவும் பெண்ணும் மட்டும். பெண் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் சரக்குகளைச் சரிபார்க்கிற வேலை. அவள் என்னிடம், "ஆன்ட்டி, நீங்க சொல்லிக்குடுத்த ஸ்கூல்லதான் எங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது ரயில் வந்தது. அவள் நிறுத்தினாள். முகத்தில் ஓர் அவசரமும் இல்லை. பெட்டி பெட்டியாகப் போய் முடிந்தது. "சித்தி படிச்சாங்க" என்றாள். ஏழுமலை என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். இந்த வீட்டுக்கு வர வேண்டியவள் இவள்தான் என்று அப்போதே எனக்கு முடிவாகிவிட்டது. அவன் காது மடல் சிவந்திருந்தது. அதுவரை அவன் வாயைத் திறக்கவில்லை. கூச்சம். பெண்ணின் அம்மா பஜ்ஜி வைத்தார். ஒன்றைக் கடித்துவிட்டு, ஏதாவது பேச வேண்டுமே என்று, "காரம் கொஞ்சம் தூக்கலா கீது, நல்லா கீது" என்றான்.

அந்த அம்மாவின் கையில் தட்டு நின்றது. "தம்பி, இன்னொரு தபா பேசுங்க" என்றார். அவன் விழித்தான். "இன்னா பேசணும்?" என்றான். அவ்வளவு போதுமாக இருந்தது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "நீ சாப்ட்டு தூங்கு, நான் வந்துர்றேன். அந்தக் கொரலுதான இது?" என்றார். உன் முதல் படத்தில் அண்ணனின் கடைசி வசனம். பொங்கலுக்கு டிவியில் போட்டிருக்கிறார்கள். "இந்தக் கொரலு என் வூட்டு ஹால்ல செத்துச்சும்மா. பண்டிகையும் அதுவுமா எனக்கு சோறு எறங்கல. என் வூட்டுக்காரரும் வந்துர்றேன்னுதான் சொல்லிட்டுப் போனாரு." பெண் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, அது சினிமாம்மா." நானும் சொன்னேன். சினிமா, கதை, என் சின்ன மகன்தான் எடுத்தான் என்றேன். சொன்னது தப்பாகப் போயிற்று. அவர் நிமிர்ந்தார். "கூடப் பொறந்த தம்பியா? அப்ப அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். சொம்மாவா மூணு படத்துலயும் சாவடிப்பான்? அங்க கம்பெனில வெச கேஸு வுட்டாங்களே, அப்ப இவரு உள்ள மாட்டிக்கினாருன்னு உங்க தெருக்காரங்க சொல்லிட்டாங்க. நெஞ்சுல இன்னா கீது அவருக்கு? மறைக்காம சொல்லுங்க."

ஒன்றுமில்லை என்றேன். எக்ஸ்ரே எடுத்துக் கொண்டுவருகிறேன் என்றேன். "பேப்பர் யாரு வேணா குடுப்பாங்க. அந்தத் தம்பி வந்து எங்கிட்ட சொல்லட்டும். ஏன் சாவடிக்கிறேன்னு சொல்லட்டும். கேட்டுட்டு நான் முடிவு பண்றேன்." அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. யோசித்துப் பார். உன் படங்களை இவ்வளவு கவனமாக வேறு யாரும் பார்க்கவில்லை. மற்றவர்கள் பாணி என்றார்கள். இவர்தான் காரணம் கேட்டார்.

உன்னிடம் இல்லாத ஒன்றைப் பற்றி யாரும் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். மூன்று படமும் இந்த மண்ணில் எடுத்தவை. மொட்டை மாடிகள் வருகின்றன. வானம் வருகிறது. ஒரு புறா வரவில்லை. விம்கோ நகரிலிருந்து காசிமேடு வரை மாடிக்கு மாடி கூண்டு. இங்கே வானத்தைப் படம் பிடித்துவிட்டு அதில் புறா வராமல் பார்த்துக்கொள்ள எவ்வளவு பாடுபட்டிருப்பாய். மாடி மாடியாக ஆளை ஏற்றிக் கை தட்டி விரட்டச் சொல்லியிருப்பாய். மூன்றாவது படத்தை இருட்டில் உட்கார்ந்து பார்க்கும்போதுதான் அது எனக்குப் புரிந்தது. திரையில் வெறும் வானம். என் கை தானாக முந்தானையைப் பிடித்துக்கொண்டது.

அந்த நாளை நாம் பேசியதே இல்லை. நீ மூன்றாம் வகுப்பு. ஏழுமலை பிளஸ் ஒன். விடுமுறை நாள், மதியம். முதலில் கண் எரிந்தது. பிறகு மூக்கு. பிறகு நெஞ்சுக்குள் யாரோ உப்புத்தாளை வைத்துத் தேய்ப்பதுபோல. வடக்கே ஏதோ ஒரு தொழிற்சாலையில் குழாய் விட்டு விஷவாயு கசிகிறது என்றார்கள். எது என்று இன்றுவரை நமக்கு யாரும் வந்து சொல்லவில்லை. உன் அப்பா ஷிப்ட்டில் இருந்தார். ஏழுமலைதான் அண்டாத் தண்ணீரில் துண்டுகளை முக்கி நம் முகத்தில் கட்டினான். "மூக்க மூடு. வாயத் தொறக்காத. அம்மா முந்தானைய வுடாத." தெருவே தெற்கே ஓடியது. குழந்தையைத் தூக்கியவர்கள், மாட்டைப் பிடித்தவர்கள், மீன்பாடி வண்டியில் கிழவியை வைத்துத் தள்ளியவர்கள். சாலையில் டிரைலர்கள் மட்டும் எதுவும் நடக்காததுபோல் போய்க்கொண்டிருந்தன. நான் முன்னால் நடந்தேன். நீ என் பின்னால். உனக்கு என் பின்கழுத்து தெரிந்திருக்கும். அது மட்டும்தான் தெரிந்திருக்கும்.

தெருமுனையில் ஏழுமலை நின்றான். திரும்பி மாடியைப் பார்த்தான். அங்கே அவனுடைய புறாக்கூண்டு. காலையில் பூனை ஒன்று சுற்றியது என்று நீதான் கூண்டைப் பூட்டினாய். நல்லதென்று நினைத்துப் பூட்டினாய். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் உன் கையைப் பிடித்திருந்தான். டிரைலர் ஒன்று நம்மை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. பிறகு அவன் போய்விட்டான். நீ கத்தினாய். நான் உன்னை இழுத்துக்கொண்டு நடந்தேன்.

இங்கே நிறுத்துகிறேன். நீ மூன்று முறை எடுத்த காட்சி இது. பையன் சொல்கிறான். பிறகு அண்ணன் கையை விடுகிறான். சொல்லுக்குப் பிறகு கை. மூன்று படத்திலும் அதே வரிசை. நைனா, வரிசை தப்பு. அந்தக் கையை வாங்கிக்கொண்டவள் நான். அவன் மாடியைப் பார்த்தான். உன் கையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தான். என் விரல்களை மடக்கி மூடினான். அதற்குப் பிறகுதான் நீ நிமிர்ந்து பார்த்தாய். அதற்குப் பிறகுதான் முகத்துத் துண்டை இறக்கினாய், உன் வாய் அசைந்தது. "கூண்டு பூட்டிக்கீதுண்ணா." வண்டிச் சத்தத்தில் வாழ்ந்த வீடு, நமக்கு உதட்டைப் பார்த்தால் தெரியும். அவன் கை உன்னை விட்ட பிறகு நீ சொன்னாய். உன் தொழிலில் இரண்டு ஷாட்டை இடம் மாற்றினால் கதையே மாறிவிடும் என்று நீதான் ஒருமுறை எனக்கு லேப்டாப்பில் போட்டுக் காட்டினாய். ஒருவன் சிரிக்கிறான், பிறகு ஒருவன் விழுகிறான். ஒருவன் விழுகிறான், பிறகு ஒருவன் சிரிக்கிறான். நீ எட்டு வயதில் இரண்டு ஷாட்டை மாற்றி ஒட்டிவிட்டாய். அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறாய். உன்னைச் சமாதானப்படுத்த இதைச் சொல்லவில்லை. உனக்கு என்னைத் தெரியும். நான் விடைத்தாளில் யாருக்கும் அரை மதிப்பெண் சும்மா போட்டவளில்லை. நடந்தது இந்த வரிசையில்தான் நடந்தது.

உன்னிடம் இல்லாத இன்னொரு காட்சியும் இருக்கிறது. அவன் மாடியேறிக் கூண்டைத் திறந்தான். இறங்கி வரும்போது தெற்கே போக வழியில்லை, சாலை முழுக்கப் புகை வெள்ளையாக நின்றதாம். கிழக்கே கடலுக்கு ஓடினான். அலைத்தடுப்புப் பாறைகளில் மீன்பிடிக்கிறவர்களோடு, லுங்கியை நனைத்து முகத்தில் போட்டுக்கொண்டு, கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். நாம் ராயபுரத்தில் மாமா வீட்டில். நீ அழுது அழுது அப்படியே தூங்கிப்போனாய். விடிந்துகொண்டிருந்தபோது அவன் நடந்தே வந்து சேர்ந்தான். தலையெல்லாம் உப்பு. கண் இரண்டும் தக்காளி. நான் உன்னை எழுப்பப் போனேன். "எழுப்பாதம்மா. தூங்கட்டும்" என்றான். உன் பக்கத்தில் படுத்தான். நீ தூக்கத்திலேயே ஒரு காலைத் தூக்கி அவன்மேல் போட்டாய். எப்போதும் போடுவதுபோல. அவன் அசையாமல் கிடந்தான். நீ எழுந்தபோது அவன் கீழே டீக்கடையில் பொறை ரொட்டியை நனைத்துத் தின்றுகொண்டிருந்தான். நீ ஓடிப்போய் அவன் வயிற்றில் குத்தினாய். ஒரு வார்த்தையும் பேசவில்லை. அப்புறம் மாடிக்கும் போகவில்லை. அவன் போனதை நீ பார்த்தாய். அவன் வந்ததை நீ பார்க்கவில்லை. உன் படங்கள் அதனால்தான் அந்த இடத்தில் முடிகின்றன.

திரும்பத் திரும்ப வருவதைப் பாணி என்கிறார்கள். அதற்காக உனக்கு விருது கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும், உனக்குத் தகுதி இருக்கிறது. ஆனால் பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போவதையும் நான் பாணி என்று நினைத்துவிடக் கூடாது. "சாவைக் காட்டாம இந்த ஊரைக் காட்ட முடியாது" என்று நீ ஒரு மேடையில் சொன்னாய். இங்கே சாகிறார்கள். உண்மை. அதைவிட அதிகம் பேர் ஷிப்ட்டு முடிந்து வீட்டுக்கு வருகிறார்கள். செருப்பை வாசலில் உதறுகிறார்கள். தண்ணீர் கேட்கிறார்கள். அந்தச் சத்தம் உன் மூன்று படத்திலும் இல்லை. ஒருவன் திரும்பி வருவதை எடுப்பது கஷ்டம் என்று நினைக்கிறேன். அழ வைக்காது. கை தட்ட மாட்டார்கள். ஆனாலும் ஒருமுறை எடுத்துப் பார். இதை அம்மாவாகச் சொல்கிறேனா பார்வையாளராகச் சொல்கிறேனா என்று எனக்குத் தெரியவில்லை.

இதை இதழுக்கு அனுப்பும் முன் ஏழுமலையிடம் படித்துக் காட்டினேன். அவன் கதை, அவன் கல்யாணம். அவனுக்குத் தெரியாமல் ஊருக்குச் சொல்லக் கூடாது. இன்று காலை, துறைமுக லாரி வரிசையிலிருந்து வந்து குளித்து, இட்லிக்கு உட்கார்ந்திருந்தான். ஈரத் துணி இடத்தில் சிரித்தான். "ஞானஸ்நானமா? அடப்பாவி, அது என் துண்டும்மா." புறா இடத்தில் சிரிப்பு நின்றது. கையைப் பற்றி எழுதியதைப் படித்தபோது மெல்லுவதை நிறுத்திவிட்டான். வண்டி எதுவும் போகவில்லை.

"அவன் எதனா சொன்னானா அப்ப?" என்றான்.

எனக்குப் புரியவில்லை. "உங்கிட்டதானடா சொன்னான்."

"இன்னாம்மா நீ. லாரி போய்க்கினு இருந்துச்சு. நான் மாடிய பாத்துக்கினு இருந்தேன். எனக்கு ஒண்ணும் கேக்கல. இன்னா சொன்னான்?"

சொன்னேன். கூண்டு பூட்டிக்கீதுண்ணா.

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். கை கழுவவில்லை. எழுந்து சன்னலிடம் போய் நின்றான். "அத்தயா இத்தினி வருசம் வச்சிக்கினு கீறான்" என்றான். "பைத்தியம். கூண்டு பூட்டிக்கீதுன்னு எனக்குத் தெரியாதா? சாவியே எங்கிட்டதான் இருந்துச்சு." கொஞ்ச நேரம் கழித்து, "அதான் மாடிக்கே வர மாட்டேன்றானா?" என்றான். பிறகு திரும்பிச் சட்டையை எடுத்தான். "நான் வடபழனி போய் அவனாண்ட சொல்லிட்டு வந்துர்றேன்."

வந்துர்றேன் என்றான், நைனா. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ தெரியவில்லை. "உட்காரு" என்றேன். வகுப்பில் கத்துவதுபோல் கத்தினேன். "ஒவ்வொரு தடவையும் நீயே போக வேணாம். இந்தத் தடவ அவன் வரட்டும்." அவன் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். உட்கார்ந்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை டப்பிங்குக்குப் போகமாட்டேன் என்று அவன் சொல்லவில்லை. நீ கேட்டால் போவான். எந்தக் கல்யாணத்தையும் விட்டுவிட்டுப் போவான். அதை நிறுத்த உன்னால்தான் முடியும்.

நீ வா. அந்த அம்மா கேட்பார். அவருக்கு இன்னா கீது என்று கேட்பார். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நான் எழுதித் தரமாட்டேன். உன் நாலாவது படத்தில் அண்ணனை என்ன செய்வாய் என்றும் கேட்கமாட்டேன், அது உன் வேலை. வந்தால் முதலில் மாடிக்குப் போ. அன்று பறந்தவற்றில் சில திரும்பி வந்தன. அவற்றின் குஞ்சுகளின் குஞ்சுகள் இப்போதும் இருக்கின்றன. கூண்டுக்கு அவன் வேறு பூட்டு வாங்கவே இல்லை. ஒரு கம்பியை வளைத்து மாட்டியிருக்கிறான், குழந்தைகூடத் திறக்கலாம். பிறகு கீழே வந்து, எல்லாருக்கும் முன்னால், அன்று அண்ணனுக்குக் கேட்காததைச் சொல். அவனுக்குக் கேட்கும்படி சொல். நடுவில் வண்டி வரும். நிறுத்திக்கொள். அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் ரயிலோரத்துக்காரர்கள், அவர்களுக்கும் இது பழக்கம்தான். நாங்கள் எல்லாரும் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். வண்டி போனதும், விட்ட சொல்லிலிருந்து தொடங்கு.

அம்மா